மலைக்காற்றும் பந்தயக் குதிரையும்

உதகமண்டலத்தின் பந்தயத் திடலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் அங்கு கோடையில் குதிரைப் பந்தயங்கள் நடந்துவந்தன. 2024இல் அரசு அந்நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சமவெளியில் பழகிய குதிரைகளும் அங்கு வந்து ஓடின. மலையில் அவற்றின் மூச்சு எப்படிப் போதுமானதாயிற்று?

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 76 செ.மீ. பாதரசம். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் அது ஏறத்தாழ 58 செ.மீ. தான். ஆகவே, ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவும் ஏறக்குறையக் கால் பங்கு குறைகிறது. நாமாக இருந்தால் வாயைத் திறந்து வேகமாக மூச்சு வாங்குவோம். குதிரையோ நாசியால் மட்டுமே சுவாசிக்கும் பிராணி. மேலும், நாலுகால் பாய்ச்சலில் ஓர் எட்டுக்கு ஒரு மூச்சுதான். முன்கால்கள் தரையில் ஊன்றும்போது காற்று வெளியேறும். உடல் நீளும்போது உட்புகும். மூச்சைக் கூட்ட வேண்டுமானால் காலையும் விரைவுபடுத்த வேண்டும்!

இங்கே மண்ணீரல் உதவுகிறது. ஓய்வில் சிவப்பணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அது சேமித்து வைக்கிறது. ஓடத் தொடங்கியதும் சுருங்கி, அவற்றை இரத்தத்தில் கலந்துவிடுகிறது. நிமிடத்திற்கு 30 முதல் 40 முறை துடித்த இதயம் 220க்கு மேல் துடிக்கிறது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அணுக்கள் மிகுந்த இரத்தம் பாகுபோல் தடிக்கிறது. நுரையீரல் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. அவற்றின் சுவரோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. தடித்திருந்தால் பிராணவாயு விரைந்து ஊடுருவாது, மெலிந்திருப்பதால் வெடிக்கிறது. கடும் ஓட்டத்திற்குப்பின் பெரும்பாலான பந்தயக் குதிரைகளின் நுரையீரலில் இரத்தக் கசிவு காணப்படுகிறது. இது சமவெளியிலும் நிகழ்வதே.

இந்த உடலமைப்பு கூர்மையானதில் மனிதனுக்கும் பங்குண்டு. 1764இல் சூரிய கிரகணத்தன்று இங்கிலாந்தில் ஒரு குட்டி பிறந்தது. ‘எக்லிப்ஸ்’ என்று பெயரிட்டனர். 1769, 1770 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 18 பந்தயங்களில் ஓடி, ஒன்றிலும் தோற்கவில்லை. போட்டிக்கு எவரும் வராததால் அதை இனப்பெருக்கத்திற்கு அனுப்பினர். இன்றைய ‘தரோபிரெட்’ இனக் குதிரைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை தந்தை வழியில் அதன் வாரிசுகளே.

வென்ற குதிரைக்கே வாரிசு என்பது விதி. தலைமுறை தலைமுறையாக வேகத்தைத் தேர்ந்தெடுத்தோம்; இதயம் வலுத்தது. நுண்குழாயின் சுவரை மட்டும் தடிக்கச் செய்ய இயலவில்லை. அதன் எல்லையை வகுத்தது பௌதிக விதி. பந்தயத்தில் சவுக்கை ஓங்குபவர் நினைவில் கொள்ள வேண்டியதும் அந்த எல்லையைத்தான்.