வேகத்தை விற்கும் முன் பிரேக்கை விற்போம்

கோவையில் நாற்பது ஆண்டுகளாகக் கார் உதிரி பாகங்கள் மொத்த வியாபாரம் செய்பவன் நான். என் கடையில் நடந்த ஒரு தவறைச் சொல்கிறேன். நம் தொழிலில் உள்ளவர்களுக்குப் பயன்படும்.

செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளம் இரண்டும் நமக்குத் தெரிந்தவை. இதுபோன்ற தளங்களில் பணம் கட்டிச் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாளை 'டிராக் டே' என்கிறார்கள். இதற்காக இளைஞர்கள் கேட்டு வரும் சரக்கு இன்று நல்ல வியாபாரம்.

சில ஆண்டுகளுக்கு முன் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன் வந்து பெரிய சைலன்சரும், காற்று அதிகம் இழுக்கும் ஏர் பில்டரும் வாங்கினான். "வேற ஏதாச்சும் மாத்தணுங்களா ஐயா?" என்று கேட்டான். பில் போடும் அவசரத்தில், "இது போதும் தம்பி" என்று சொல்லிவிட்டேன். தளத்தில் ஐந்தாவது சுற்றில் பிரேக் பெடல் தரை வரை இறங்கிவிட்டது. கார் மண்ணில் பாய்ந்து டயர்ச் சுவரில் மோதியது. பையனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவன் தகப்பனார் கடைக்கு வந்தார். சண்டை போடவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க" என்றார். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் எளிது. பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றும் கருவி. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. சாலையில் பிரேக் ஆற நேரம் கிடைக்கும். பந்தயத் தளத்தில் வளைவுக்கு வளைவு மிதிக்க வேண்டும். சூடு மிஞ்சினால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டும். குமிழி அமுங்கும், பெடல் இறங்கும், சக்கரம் நிற்காது.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும்; ஈரம் ஏறினால் 140 தான். டாட் 4-க்கு 230-ம் 155-ம். டாட் 5.1-க்கு 260-ம் 180-ம். எனவே திறந்து வைத்த டப்பாவிலிருந்து ஊற்றி விற்காதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கான் வகை. மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

பிரேக் பேடிலும் கவனம் தேவை. முழுப் பந்தயப் பேடு சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். காலையில் குளிர்ந்த வண்டியில் பள்ளிக்குப் பிள்ளையை விடப் போகிறவருக்கு அது ஆகாது. டயரில் தேதியைக் காட்டி விற்கலாம்: 3522 என்றால் 2022-ம் ஆண்டின் 35-வது வாரம் தயாரானது.

சட்டமும் உண்டு. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. சாதாரணக் கார் இன்சூரன்ஸ் பாலிசி பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குச் செல்லாது. இவ்விரண்டையும் பில் போடும் முன்பே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவது நம் கடமை.

சைலன்சரில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். பிரேக் ஆயில் பாட்டிலில் சில ரூபாய்தான் மிஞ்சும். ஆனாலும் என் கல்லாவுக்கு மேலே ஒரு அட்டை தொங்குகிறது: முதலில் பிரேக் ஆயில், அடுத்து பேடு, பிறகு டயர், கடைசியில் வேகம். இந்த வரிசைக்குச் சம்மதிக்காதவருக்கு நான் சரக்குக் கொடுப்பதில்லை. சில பில்கள் அடுத்த கடைக்குப் போயின. போகட்டும். அந்தத் தகப்பனார் இன்றும் என்னிடம்தான் சரக்கு வாங்குகிறார். அவரை நிமிர்ந்து பார்த்துப் பேச முடிகிறது. எனக்கு அது போதும்.