பழங் கட்டிடங்களுக்கு வேலை வேண்டும்

கடியப்பட்டணத்துக் கடற்பாறையின் மீது ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. வெளியூரார் அதனை ‘முட்டம் விளக்கு’ என்றே அழைத்துப் பழகிவிட்டனர். இதுபற்றிக் கடியப்பட்டணத்தார் மனத்தாங்கல் கொள்வாராயின் அது நியாயமே. பெயர் எதுவாயினும் ஆகுக. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், இற்றைக்கு நூறாண்டுகளுக்கும் முன்னர் எழுப்பப்பெற்ற அவ்விளக்கம், உப்புக் காற்றையும் இரு பருவ மழைகளையும் தாங்கி இன்றும் தன் தொழிலைச் செய்துவருகிறது. அதே கடற்கரையில், அதே காற்றில், அதைவிட எத்தனையோ இளமையான கட்டிடங்கள் காரை பெயர்ந்து, கம்பி தெரிந்து, பாழாய்க் கிடக்கின்றன. இந்த வேற்றுமைக்குக் காரணம் யாது?

கல்லின் உறுதி மட்டும் காரணமன்று. ஒவ்வோரிரவும் அவ்விளக்கினால் உலகுக்குக் காரியம் ஆகவேண்டியிருக்கிறது. கண்ணாடி ஒன்று விரிந்தால் அன்றே தெரிந்துவிடும். படி ஒன்று பெயர்ந்தால் ஏறுகிறவன் காலில் படும். உலகெங்கணும் இத்தகைய விளக்கங்களில் எண்ணெய்த் திரி போய் மின்சாரம் வந்துவிட்டது, உள்ளிருக்கும் கருவிகள் மாறின, கோபுரம் மாறவில்லை. வேலையுள்ள கட்டிடத்திற்குக் காவலாள் தேட வேண்டுவதில்லை, அதன் வேலையே அதற்குக் காவல் என்பது நமது அபிப்பிராயம். பழங் கட்டிடங்களைப் பாதுகாப்பது பற்றி நம் நாட்டில் நடக்கும் வாதங்களிற் பெரும்பாலானவை இந்த எளிய உண்மையைக் காணாமலே நடைபெறுகின்றன. ஒரு சாரார், “பழையது, தொடாதே” என்று பூட்டிவைக்கின்றனர். மற்றொரு சாரார், “பழையது, இடித்துத் தள்ளு” என்று கடப்பாரையை எடுக்கின்றனர். பூட்டிய வீட்டைச் செல் அரிக்கிறது. இடித்த வீட்டைப் பற்றிப் பேச யாதுமில்லை.

கடியப்பட்டணத்திலிருந்து உள்நாட்டுப் பக்கமாகப் பத்து மைல் அளவு சென்றால் பத்மநாபபுரம் வருகிறது. நம் வாசகர்களில் அவ்வரண்மனையைக் காணாதவர் சிலரே இருப்பர். ஆயினும் அது எவ்வாறு பிழைத்தது என்பதை எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. 1601-ஆம் ஆண்டை யொட்டி இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் எழுந்ததாகச் சொல்லப்படும் அம்மாளிகையை, 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மர் பெரிதாக்கிப் புதுப்பித்தார். 1795-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் மன்னர் தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றிக்கொண்டார். அன்றோடு அரண்மனையின் வேலை போயிற்று. மரத்தாலான கட்டிடத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. கூரையில் ஒரே ஓர் ஓடு நழுவினாற் போதும். அதன் வழியே இறங்கும் நீர் முதலிற் பட்டியலை நனைக்கும். பிறகு கழிக்கோலை அழுகச் செய்யும். கழிக்கோல் தொய்ந்தால் பக்கத்து ஓடுகளும் விலகும். அங்ஙனம் விலகிய வழியே வரும் நீர் சுவரின் தலையில் இறங்கிய பின், ஈரங்கண்ட இடமெல்லாம் கறையானுக்கு விருந்து. முதல் ஓட்டைத் திருப்பி வைக்க ஒருவனுக்கு அரை நாழிகை போதும். ஆனால் அதைக் காண அங்கே ஒருவன் இருக்கவேண்டும்.

1930-களில், சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், அவ்வரண்மனை செப்பனிடப்பெற்று ஒரு காட்சிச்சாலையாக மாறியது. இம்மாற்றத்தில் மெச்சத்தக்கது ஒன்றுண்டு. வெளியிலிருந்து சாமான்களைக் கொண்டுவந்து நிரப்பி மாளிகையை வெறுங் கிடங்காக்கிவிடவில்லை. மாளிகையையே காட்சிப் பொருளாக்கினர். வண்ண அப்பிரகத் தகடு பதித்த சாளரங்களோடு கூடிய மந்திரசாலை, ஈராயிரம் பேர் அமர்ந்துண்ணத்தக்க ஊட்டுப்புரை, சுவரோவியங்கள் நிறைந்த உப்பரிகை மாளிகை, கண்ணாடிபோற் பளபளக்கும் கருந்தரை ஆகியவற்றைக் காணவே ஜனங்கள் வருகின்றனர். சிரட்டைக் கரியும் முட்டையின் வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த தரை அது என்பர். நாள்தோறும் கதவு திறக்கிறது, தரை பெருக்கப்படுகிறது, மனிதர் நடமாடுகின்றனர். ஆகவே நழுவிய ஓடு யார் கண்ணிலாவது படுகிறது.

அன்றியும், அம்மாளிகைக்கு ஆண்டில் ஒரு நாள் பழைய உத்தியோகமே திரும்பக் கிடைக்கிறது. நவராத்திரிக்கு முன்னர்ப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் பவனி புறப்படுகையில், உப்பரிகை மாளிகையில் வைத்து மன்னரின் உடைவாள் கைமாற்றப்படுகிறது. தமிழ்நாட்டவரும் கேரளத்தவரும் அங்கே ஒன்றாய்க் கூடுகின்றனர். இதனை வெறுஞ் சடங்கென்று எள்ளுவோரும் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி கன்னியாகுமரி ஜில்லா தாய்த் தமிழகத்துடன் இணைந்தபோதும், அரண்மனை கேரள ஸர்க்காரின் நிர்வாகத்திலேயே தங்கிவிட்டது. நமது மண்ணில் நிற்கும் மாளிகை அயல் ராஜ்யத்தின் கையில் இருப்பதா என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அவ்விணைப்புக்காக 1954-இல் துப்பாக்கிக் குண்டுக்கு இரையான தியாகிகளின் நாட்டில் இக்கேள்வி எழுவது இயற்கை. நாமும் அவ்வுணர்ச்சிக்குப் புறம்பானவர்களல்லோம். ஆயினும் நேர்மையாக ஒன்று கேட்கிறோம்: நம் கையில் இருப்பவற்றை நாம் எவ்வாறு வைத்திருக்கிறோம்? கேரள அதிகாரிகள் அரண்மனையைக் கருத்தோடு காத்து வருகின்றனர் என்பதை மறைக்க முடியாது. உரிமை கோருகிறவன், கோருகின்ற பொருளைப் பேணத் தனக்குத் திறமையுண்டென்று முதலிற் காட்டவேண்டும்.

அத்திறமையை அளக்க நெடுந்தூரம் போகவேண்டாம். அரண்மனைக்கு அண்மையிலேயே உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741-இல் கடியப்பட்டணத்துக்கு அருகிலுள்ள குளச்சலில் டச்சுக்காரர் தோற்ற பின், சிறைப்பட்ட டிலனாய் என்னும் தளபதி திருவிதாங்கூர்ச் சேனைக்கே தலைவனாகி, இக்கோட்டையைக் கருங்கல்லால் வலுப்படுத்தினான். பீரங்கி வார்க்கும் உலைக்களமும் இங்கிருந்தது. 1777-இல் மாண்ட அவனது கல்லறை, லத்தீனிலும் தமிழிலும் பொறித்த எழுத்துக்களோடு, உள்ளேயுள்ள சிற்றாலயத்தில் இருக்கிறது. யுத்தம் ஒழிந்த நாட்டிற் கோட்டைக்கு ஏது வேலை? நெடுநாள் வேலையற்றுக் கிடந்த அவ்விடத்தை நமது வனத்துறை பல்லுயிர்ப் பூங்காவாக்கியிருக்கிறது. மரமும் மானும் பறவையும் பார்க்கக் குடும்பங்கள் வருகின்றன. பாழாய்க் கிடப்பதைவிட இது நன்றே. ஆனால் உள்ளே வருகிற சிறுவன், தான் நிற்கும் மதில் எதற்காக எழுந்தது, குளச்சலில் நடந்தது என்ன, ஓர் ஐரோப்பியக் கப்பற்படையை இந்நாட்டு மன்னன் முறியடித்த கதை யாது என்பவற்றை அறிந்து வெளியே போகிறானா? புது வேலை தருகையிற் பழைய நினைவைத் துடைத்துவிடலாகாது. மானைக் காட்டுகிற அதே கையால் மதிலையும் காட்டலாம்.

இவ்வாறு பழையதற்குப் புது வேலை கொடுப்பது மேனாட்டாரிடமிருந்து கற்க வேண்டிய வித்தை என்று யாரும் எண்ண வேண்டாம். சிதறால் மலைக்குச் சென்று பாருங்கள். 9-ஆம் நூற்றாண்டிற் சமணர் இருந்த குகைப் பள்ளி அது. 13-ஆம் நூற்றாண்டளவில் பகவதி கோயிலாயிற்று. புதிதாக வந்தோர் தீர்த்தங்கரர் உருவங்களை உடைத்தெறியவில்லை. பார்சுவநாதரும் பத்மாவதியும் பாறையில் அப்படியே அமர்ந்திருக்க, பகவதிக்குப் பூஜை நடந்தது. அந்த வழிபாடு இராதிருந்தால் அச்சிற்பங்கள் நமக்குக் கிடைத்திருக்குமோ, கல்லுடைப்போர் கொண்டு போயிருப்பரோ, யார் கண்டார்?

மதுரையில் ராணி மங்கம்மாள் காலத்துத் தமுக்கம் அரண்மனை, வெள்ளைக்காரக் கலெக்டர்களின் வாசஸ்தலமாயிருந்து, 1959-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி பண்டித ஜவாஹர்லால் நேருவால் காந்தி நினைவுக் காட்சிச்சாலையாகத் திறந்துவைக்கப்பட்டது. மகாத்மா சுடப்பட்டபோது உடுத்தியிருந்த இரத்தக் கறை படிந்த ஆடை அங்கேதான் இருக்கிறது. ராணியின் மாளிகையில் அந்தப் பக்கிரியின் ஆடை! இதைவிடப் பொருத்தமான இடமாற்றம் வேறொன்றை நம்மாற் கருத இயலவில்லை.

எல்லா வேலையும் நல்ல வேலையாகிவிடாது என்பதையும் சொல்லியாகவேண்டும். அந்தமானில் நம் தேசபக்தர்களை அடைத்து வதைத்த செல்லுலார் சிறைக்கு ஏழு பகுதிகள் இருந்தன. இன்று நிற்பவை மூன்று. ஜப்பானியர் அங்கிருந்த காலத்திற் சில அழிந்தன. சுதந்திரம் வந்த பின்னரும் சிலவற்றை நாமே இடித்தோம். அவ்வளாகத்தில் ஆஸ்பத்திரி எழுந்தது. ஆஸ்பத்திரி வேண்டாமென்று யார் சொல்வர்? ஆயினும் அங்கே சிறையிருந்த தியாகிகளே முன்வந்து கிளர்ச்சி செய்ததால்தான் எஞ்சியது தப்பியது. 1979-இல் அது தேசீயச் சின்னமாயிற்று. தாம் துன்புற்ற அறையை இடிக்காதீர் என்று துன்புற்றவர்களே மன்றாட நேர்ந்ததைத் தேசபக்தர்கள் மறக்கலாகாது.

சென்னைச் சேப்பாக்கத்தில் நவாபின் கலசமகால் நேர்ந்த கதி வேறு. ஸர்க்கார் காரியாலயங்கள் நிரம்பியிருந்த அம்மாளிகை 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் தீப்பற்றி யெரிந்தது. தீயணைப்புப் படையைச் சேர்ந்த ஒருவர் உயிரிழந்தார். பின்னர் அது முறைப்படி புதுப்பிக்கப்பெற்று, இன்று தேசீயப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு இருப்பிடமாய் விளங்குகிறது. 1964-இல் வெனிஸ் நகரிற் கூடிய பல தேசத்து நிபுணர்களின் சாஸனம் இதனைத் தெளிவாய் உரைத்திருக்கிறது: சமூகத்துக்குப் பயன்படும் வேலை பழங் கட்டிடத்துக்கு நன்மையே, ஆனால் அவ்வேலைக்காகக் கட்டிடத்தின் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றலாகாது.

நிற்க. இனிக் கடற்கரைக்கே திரும்புவோம். கடியப்பட்டணம் முதலான மீனவர் ஊர்களில் பொதுக் கட்டிடங்கள் ஸர்க்கார் பணத்தால் எழுந்தவை அல்ல. கடலிற் பிடித்த மீனில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கோவில் கட்டியவர்கள் நம் கடற்கரை மக்கள். அவர்கள் ஒரு கூட்டம் கூடி, “கோவில் சிறிதாகிவிட்டது, இடித்துப் பெரிதாய்க் கட்டுவோம்” என்று தீர்மானித்தால் அதை அகந்தை என்று யாரும் தள்ளிவிட முடியாது. ஜனத்தொகை பெருகியிருக்கிறது, மழையில் வெளியே நிற்பவர்களின் குறை மெய்யான குறையே. இதே நிலைமைதான் உள்நாட்டு ஆலயங்களிலும், பழைய பள்ளிக்கூடங்களிலும், நாஞ்சில் நாட்டுப் படிப்புரை வீடுகளிலும். ஆனால் இடிக்கத் தீர்மானிக்கும் முன் ஒரு கணக்கைப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.

பழைய சுவர் சுண்ணாம்புச் சுவர். அது ஈரத்தை உள்வாங்கும், வெயிலில் வெளிவிடும். கடலிலிருந்து வரும் உப்பும் அவ்வழியே மேற்பூச்சுக்கு வந்து உதிரும். பத்தாண்டுக்கொரு முறை புதுப்பூச்சுப் பூசினாற் சுவருக்கு ஆயுள் கூடும். அதன்மேற் சிமெண்டைப் பூசினால் என்ன நடக்கிறது? ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது. உப்பு உள்ளே படிகமாய் உறைந்து கல்லைப் பொடியாக்குகிறது. மேலே வழவழப்பு, உள்ளே மாவு. சரி, முழுவதையும் இடித்துக் கம்பியிட்ட காங்கிரீட்டால் கட்டுவோம் என்றால், கடற்காற்றின் உப்பு காலப்போக்கில் கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த இரும்பு தன் பழைய அளவினும் இரு மடங்குக்கு மேலாய்ப் பருக்கிறது. பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கிறது. கனமான மூடுகாரையும் நல்ல வேலைப்பாடும் இல்லாத கடலோரக் கட்டிடங்கள் ஒரு தலைமுறைக்குள் உதிர்வதைப் பார்க்க எவரும் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. பேரன் தலையில் மற்றுமொரு வசூல் விழும். பழையதை நிறுத்தி, பக்கத்தில் வேண்டிய இடத்தைக் கூட்டிக் கட்டினாற் செலவு எவ்வளவு என்று ஒரு முறையாவது மதிப்பீடு கேட்கப்படுகிறதா? நாம் அறிந்தவரை இடிப்பதற்குத்தான் மதிப்பீடு எழுதப்படுகிறது.

சட்டம் காப்பாற்றாதோ என்பர். 1904-இல் புராதனச் சின்னங்களுக்குச் சட்டம் செய்தவர் கர்ஸான் பிரபு. மறுவருஷமே வங்காளத்தைத் துண்டாடியவரும் அவரே! கட்டிடத்தைக் காத்து நாட்டைப் பிளந்த அம்மனிதரின் சட்டத்தின் வழியில்தான் 1958-ஆம் வருஷத்துச் சட்டமும், சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதுக் கட்டிடத்தைத் தடுக்கும் 2010-ஆம் வருஷத்துத் திருத்தமும் வந்தன. ஆனால் இவை அட்டவணையில் ஏறிய கட்டிடங்களுக்கே பொருந்தும். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் பழைய வீட்டுக்கும் அவை இல்லை. இத்தகையவற்றுக்கென நம் சட்டசபை 2012-இல் மரபுச் சின்ன ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அது அமலுக்கு வருவதற்குள் 2024 பிறந்துவிட்டது. பாதுகாக்கப்பட வேண்டிய கட்டிடங்கள் இப்பன்னிரண்டு ஆண்டுகள் மழையில் காத்திருக்குமா?

சட்டத்திலும் அவசரமான குறை ஒன்றுண்டு. சுண்ணாம்பு அரைக்கவும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் அதைப் பதப்படுத்தவும், உளுத்த கழிக்கோலின் நுனியை மட்டும் வெட்டிப் புதுமரம் பொருத்தவும் அறிந்த கொத்தரும் ஆசாரியும் அருகிவருகின்றனர். அவர்களை வேலைக்கு வைக்க நினைக்கும் ஊர்க் கமிட்டி, எஞ்சினீயரின் விலைப்பட்டியலில் அவ்வேலைக்கு இனமே காணாமல் சிமெண்டுக்குத் திரும்புகிறது. பத்மநாபபுரத்தில் அத்தொழில்கள் இன்னும் உயிரோடிருக்கின்றன. அரண்மனைக்கு அவை நாள்தோறும் தேவை. எல்லைச் சண்டையைச் சற்றே ஒதுக்கிவைத்து, நவராத்திரி நாளில் உடைவாளின் முன் கூடுகிற இரு ராஜ்யத்தாரும் அம்மதிலுக்குள் ஒரு தொழிற்கூடத்தைத் தொடங்கட்டும். அதன் முதல் மாணவர்களிற் சிலரையேனும் கடியப்பட்டணம் முதலான கடற்கரை ஊர்களிலிருந்து எடுக்கட்டும். சுண்ணாம்புக்கு வேண்டிய சிப்பி அவர்கள் வாசலிலேயே ஒதுங்குகிறது.