பவளத் தொட்டியில் படரும் பாசி

வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் உப்பு நீர். நீருக்குள் உயிருள்ள பவளங்கள். அவற்றினூடே நீந்தும் வண்ண மீன்கள். காண்போர் உள்ளத்தைக் கவரும் இந்தக் காட்சி சில மாதங்களிலேயே உருமாறிவிடுவதுண்டு. பச்சை மயிர் போன்ற பாசி பாறைகளை மூடி, பவளங்களின் மீதும் படர்கிறது. சுரண்டி எறிந்தால் மறுவாரமே மீண்டும் முளைக்கிறது. சலிப்புற்றுத் தொட்டியையே கைவிட்டு விடுவோர் பலர். அதனால் மடிவன வாயில்லா உயிர்கள். பாசியின் காரணத்தை அறிந்து செயற்பட்டால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

பாசி ஏன் வளர்கிறது?

பாசி என்பது நோயன்று, நோயின் அறிகுறியே. மீன்கள் உண்ணாமல் விட்ட உணவும், அவற்றின் கழிவும் நீரில் அழுகி நைட்ரேட், பாஸ்பேட் என்னும் உப்புகளாக மாறுகின்றன. வயலுக்கு இடும் உரத்தில் உள்ளவையும் இவையே. உரமும் ஒளியும் ஒருங்கே கிடைத்தால் பாசி செழிக்காமல் என்ன செய்யும்?

நீரைச் சோதித்தபோது பாஸ்பேட் சிறிதும் இல்லை என்று தெரிந்ததாகவும், ஆயினும் பாசி குறையவில்லை என்றும் சிலர் வியப்பர். இதில் வியப்பேதும் இல்லை. நீரில் கரையும் உப்பை உடனுக்குடன் பாசியே உண்டு தன் உடலில் சேர்த்துக் கொள்கிறது. எனவே சோதனைக் குப்பியைவிடப் பாறையின் தோற்றமே உண்மையைச் சொல்லும்.

தோன்றுவன யாவும் ஒரே வகையல்ல என்பதையும் அறிதல் வேண்டும். புதுத் தொட்டியின் மணலில் படியும் பழுப்பு நிறப் படலம் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மறைந்துவிடும். செந்நிறத்தில் வழவழப்பான போர்வை போல் விரிவது உண்மையில் பாசியன்று, ஒருவகை பாக்டீரியா. பச்சை மயிர்ப் பாசியே பிடிவாதம் மிக்கது.

கடல் கற்பிக்கும் பாடம்

ஜமைக்கா நாட்டுக் கடலோரத்தில் 1977ஆம் ஆண்டில் பாறைப் பரப்பின் பாதியளவு உயிருள்ள பவளமாக இருந்தது. பாசியை மேயும் மீன்களை மனிதர் அளவின்றிப் பிடித்தனர். 1980இல் பெரும்புயல் ஒன்று பவளங்களைச் சிதைத்தது. எஞ்சிய மேய்ப்பு வேலையைச் செய்து வந்தவை நீண்ட கருமுட்கள் கொண்ட கடல் முள்ளெலிகள். 1983, 1984ஆம் ஆண்டுகளில் கரீபியன் கடல் முழுவதும் பரவிய நோயால் அவற்றுள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை மடிந்தன. அதன்பின் பாசி கட்டுக்கடங்காமல் பெருகியது. 1990களின் தொடக்கத்தில் அங்கு எஞ்சிய பவளம் ஏறத்தாழ 3 விழுக்காடே. மேயும் உயிர்கள் இல்லாத இடத்தில் பாசியே ஆட்சி செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

செய்ய வேண்டியவை

முதலாவது, வரவைக் குறைத்தல். மீன்கள் ஓரிரு நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே உணவிடுக. பிள்ளைகள் ஆசையால் ஆளுக்கொரு பிடி அள்ளிப் போடுவது பல இல்லங்களில் நிகழ்வது; உணவிடும் பொறுப்பை ஒருவரிடமே ஒப்படைத்தல் நலம். உறைந்த உணவாயின் கழுவி இடுக. குழாய் நீரை ஊற்றாமல், நன்கு வடிகட்டித் தூய்மை செய்த நீரில் கடலுப்பைக் கரைத்தே பயன்படுத்துக.

இரண்டாவது, இருப்பை வெளியேற்றுதல். பாசியைக் கையால் பிடுங்கி, பல் துலக்கும் தூரிகையால் தேய்த்து, உதிர்வதைக் குழாயால் உறிஞ்சி வெளியேற்றுக. உதிர்ந்தது தொட்டியிலேயே அழுகினால் மீண்டும் உரமாகும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுக.

மூன்றாவது, மேய்ப்பாரை அமர்த்துதல். நத்தைகள், துறவி நண்டுகள், சிறு கடல் முள்ளெலி ஆகியவை இளம்பாசியை விரும்பி உண்ணும். நீண்டு வளர்ந்த பாசியை அவை பெரும்பாலும் தொடா. ஆதலால் முதலில் நாம் பிடுங்கிய பின்னரே அவற்றால் பயன் விளையும்.

இவற்றைச் செய்தாலும் பலன் தெரிய வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். பாறையின் நுண்துளைகளில் சேர்ந்த பாஸ்பேட் மெல்ல மெல்லவே வெளிவரும். பொறுமை இழத்தல் கூடாது.

செய்யக் கூடாதவை

செம்பு கலந்த பாசிக்கொல்லிகளை ஒருபோதும் ஊற்றற்க. அவை பாசியோடு நத்தை, இறால், பவளம் அனைத்தையும் அழித்துவிடும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அறவே இல்லாமல் ஆக்கவும் முயலற்க. பவளத்தின் உடலுக்குள்ளேயே நுண்பாசிகள் வாழ்ந்து, அதற்கு உணவும் வண்ணமும் தருகின்றன. உரம் முற்றிலும் அற்றுப்போனால் பவளமும் வெளிறி வாடும். வேண்டுவது அளவே, ஒழிப்பன்று.

பிடுங்கிய பாசியைக் கடலிலோ கழிமுகத்திலோ எறிதல் பெருந்தீங்கு. தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்ட காலெர்பா டாக்ஸிஃபோலியா என்னும் பாசி 1984இல் மொனாக்கோ கடலோரத்தில் காணப்பட்டது. பின்னர் அது மத்தியதரைக் கடலில் பல்லாயிரம் ஏக்கரில் பரவியது. 2000ஆம் ஆண்டில் அதே பாசி கலிபோர்னியாவில் தென்பட்டபோது, விரிப்புகளால் மூடிக் குளோரின் செலுத்தி 2006இல்தான் அதை முற்றிலும் ஒழித்தனர். ஆகவே பிடுங்கியதை நன்கு உலர்த்திக் குப்பையில் சேர்ப்பதே முறை.

நம் நாட்டில் வாழ்வோருக்கு இன்னுமொரு எச்சரிக்கை. பாறை உருவாக்கும் பவளங்கள் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து பவளத்தைப் பெயர்த்தெடுத்து வீட்டில் வைத்தல் தண்டனைக்குரிய குற்றமாகும்.

அலையும் நீரோட்டமும் கடலைத் தூய்மை செய்கின்றன. தொட்டிக்கு அவ்வசதி இல்லை; அதற்கு நாமே பொறுப்பு. உயிர்களை இல்லத்துக்குள் கொண்டுவர விரும்புவோர், நாள்தோறும் சிறிது நேரம் அவற்றுக்காக ஒதுக்க இயலுமா என்பதை வாங்குவதற்கு முன்னரே எண்ணிப் பார்த்தல் நன்று.