நுரை பொங்கும் ஏரி

ஏரி தீப்பற்றி எரியுமா? 2015-ஆம் ஆண்டு மே மாதம், பெங்களூருவின் பெல்லந்தூர் ஏரியில் மிதந்த நுரை எரிந்தது. அதே மாதம் 24-ஆம் தேதி, தூய ஆவியார் பெருவிழாவன்று, திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் கையெழுத்திட்டார். சலவைப் பொருள்கள் ஆறுகளிலும் ஏரிகளிலும் கலப்பதை அதில் அவர் குறிப்பிடுகிறார்.

திருமடலில் போய் சலவைத்தூளா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் பெல்லந்தூருக்கு வந்து சேர்ந்ததில் பெரும்பகுதி நம்மைப் போன்றவர்களின் வீட்டுக் கழிவுநீர்தான். சுத்திகரிக்கப்படாத அந்த நீர், மதகில் விழும்போது நுரைத்துப் பொங்குகிறது.

நுரையாவது கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத கேடு வேறு. சலவைத்தூளிலும் மனிதக் கழிவிலும் உள்ள பாஸ்பேட், பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகிறது. அவை ஏரியை மூடி வளர்ந்து, மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மீன்கள் மூச்சுத்திணறிச் செத்து மிதக்கின்றன. நஞ்சு எதுவும் கலக்காமலே இது நடந்துவிடும். உரம் மிகுந்தாலே போதும்.

மந்திரித்த தீர்த்தம் மீந்தால் நாம் சாக்கடையில் ஊற்றுவதில்லை, மண்ணில்தான் ஊற்றுகிறோம். துவைத்த தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் கேட்பதில்லை. நுரை அதிகம் வந்தால்தான் அழுக்குப் போகும் என்று எண்ணி இன்னொரு கை தூளும் போடுகிறோம். அழுக்கை அகற்ற அவ்வளவு நுரை தேவையே இல்லை.

பெல்லந்தூர் நீர், வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் சேர்கிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையிலும் நுரை பொங்குகிறது. அங்குள்ள விவசாயிகள் அந்தத் தண்ணீரைத்தான் வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள்.