த டின் மேன் வாஸ் எ டிரீமர்

த டின் மேன் வாஸ் எ டிரீமர் என்பது இங்கிலாந்தைச் சேர்ந்த பியானோ இசைஞர் நிக்கி ஹாப்கின்ஸ் 1973 ஆம் ஆண்டு கொலம்பியா நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட ராக் இசைத்தொகுப்பு ஆகும். "தகர மனிதன் கனவு காண்பவனாக இருந்தான்" என்பது தலைப்பின் பொருள். பத்து உருப்படிகளைக் கொண்ட இத்தொகுப்பை டேவிட் பிரிக்சுடன் இணைந்து ஹாப்கின்ஸ் தயாரித்தார். பிறரின் ஒலிப்பதிவுகளில் வாசித்தே பெயர் பெற்ற ஒருவர், தம் பாடல்களைத் தாமே பாடி, தாம் முன்பு வாசித்துக் கொடுத்த இசைஞர்களைத் தமக்காக வாசிக்க வைத்த தொகுப்பு என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது.

பின்னணி

நிக்கி ஹாப்கின்ஸ் 1944 பெப்ரவரி 24 அன்று இலண்டனின் மேற்குப் பகுதியான பெரிவேலில் பிறந்தார். இலண்டன் இராயல் இசைக்கழகத்தில் மேற்கத்திய செவ்வியல் இசை பயின்ற அவர், 1960 இல் படிப்பை விட்டுவிட்டு ராக் குழுவொன்றில் சேர்ந்தார். இளமையிலேயே குரோன் நோய் எனப்படும் கடுமையான குடல் அழற்சி அவரைத் தாக்கியது. 1963 இல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் அங்கேயே இருக்க நேர்ந்தது. ஊர் ஊராகச் சென்று மேடையில் வாசிக்கும் வாழ்க்கை அந்த உடல்நிலைக்கு ஒத்துவராது. எனவே அவர் ஒலிப்பதிவுக் கூடங்களில் அமர்வு இசைஞராகப் பணியாற்றத் தொடங்கினார்.

அமர்வு இசைஞர் என்பவர் எந்தக் குழுவிலும் நிரந்தர உறுப்பினர் அல்லர். ஒரு பாடலின் ஒலிப்பதிவுக்கு மட்டும் அழைக்கப்பட்டு, அன்றைய வேலைக்கான ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு செல்பவர். இசைத்தட்டு எத்தனை இலட்சம் விற்றாலும் பொதுவாக அவருக்கு மேற்கொண்டு பங்கு கிடைப்பதில்லை. உறையில் பெயர் அச்சாகும் என்ற உறுதியும் அக்காலத்தில் இருக்கவில்லை. ரோலிங் ஸ்டோன்சின் "ஷீ இஸ் எ ரெயின்போ" (1967) பாடலை நினைவுகூர்வோர் பெரும்பாலும் அதன் பியானோ மெட்டையே முணுமுணுப்பர். அதை வாசித்தவர் ஹாப்கின்ஸ். ஆனால் பாடலை ஆக்கியோராகப் பதிவாகியுள்ளவர்கள் ஜாகரும் ரிச்சர்ட்சும் மட்டுமே. ஒலிபரப்பு வருவாயில் நியாயமான பங்கைக் கோரும் சட்ட உரிமை, வாசித்த இசைஞர்களுக்குப் பிரித்தானியாவில் 1996 ஆம் ஆண்டு விதிமுறைகளாலேயே கிடைத்தது. ஹாப்கின்ஸ் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார்.

பீட்டில்ஸ் குழுவின் "ரெவலூஷன்" (1968) தனித்தட்டில் ஒலிக்கும் மின்பியானோ, ஜான் லெனனின் "ஜெலஸ் கை" (1971), த ஹூ குழுவின் "த சாங் இஸ் ஓவர்" (1971) ஆகியவற்றின் பியானோ அனைத்தும் அவருடையவையே. த கிங்க்ஸ் குழு 1966 இல் வெளியிட்ட "செஷன் மேன்" என்ற பாடல், கூலிக்கு வாசிக்கும் இசைஞன் ஒருவனைச் சற்று எள்ளலுடன் சித்தரிக்கிறது. அது ஹாப்கின்சைக் கருதி எழுதப்பட்டது என்று பரவலாகக் கருதப்படுகிறது. வேடிக்கை என்னவெனில், அப்பாடலிலும் விசைக்கருவி வாசித்தவர் அவரே.

இதற்கு முன் 1966 இலும் அவர் பெயரில் ஒரு தொகுப்பு வெளிவந்ததுண்டு. தயாரிப்பாளர் ஷெல் டால்மியின் மேற்பார்வையில் உருவான அது பாடலற்ற பியானோ இசை. அவருடைய சொந்தக் குரலை அதில் கேட்க இயலாது.

விருந்தினர்கள்

இத்தொகுப்பில் வாசித்தோரின் பட்டியல், ஹாப்கின்சின் முந்தைய சில ஆண்டுப் பணியின் கணக்குப் புத்தகம் போல அமைந்துள்ளது. கிதார் வாசித்த மிக் டெய்லர் அப்போது ரோலிங் ஸ்டோன்ஸ் உறுப்பினர். சாக்சபோன் வாசித்த பாபி கீசும் எக்காள வகைக் கருவிகளை வாசித்த ஜிம் பிரைசும் அதே குழுவின் மேடைகளில் ஹாப்கின்சுடன் நின்றவர்கள். பேஸ் கிதார் வாசித்த கிளவுஸ் ஃபோர்மன், லெனனின் "இமாஜின்" தொகுப்பில் அவருடன் வாசித்தவர். கிதார் இசைஞர் கிறிஸ் ஸ்பெடிங், தாள இசைஞர்கள் பிரெய்ரி பிரின்ஸ், ரே கூப்பர் ஆகியோரும் பங்களித்தனர்.

ஜார்ஜ் ஹாரிசனும் இதில் ஸ்லைடு கிதார் வாசித்துள்ளார். (விரலில் மாட்டிய கண்ணாடி அல்லது உலோகக் குழாயைத் தந்திகளின் மேல் வழுக்கி வாசிக்கும் முறை இது.) ஆனால் உறையில் அவர் பெயர் "ஜார்ஜ் ஓ'ஹாரா" என்றே உள்ளது. ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் கொண்ட இசைஞர் இன்னொரு நிறுவனத்தின் தட்டில் வாசிக்கும்போது புனைபெயர் பூணுவது அக்கால வழக்கம். அதே ஆண்டு வெளியான ஹாரிசனின் "லிவிங் இன் த மெட்டீரியல் வேர்ல்ட்" தொகுப்பில் பியானோ வாசித்தவர் ஹாப்கின்ஸ் என்பதால், இதை நட்பின் கைமாறு எனலாம். ஒருவருடைய பெயர் தெரியாமலேயே அவருடைய வாசிப்பை உலகம் கேட்பது என்ற நிலை, இம்முறை புகழ்பெற்ற விருந்தினருக்கு வாய்த்தது.

இசை

விருந்தினர்கள் எத்தனை பெரியவர்களாக இருப்பினும் தொகுப்பின் நடுவில் இருப்பது பியானோவே. "எட்வர்ட்" என்ற பாடலற்ற உருப்படியில் இது நன்கு புலப்படும். எட்வர்ட் என்பது ஹாப்கின்சின் செல்லப்பெயர். ஒலிப்பதிவு ஒன்றில் கிதாரைச் சுருதி சேர்க்க பிரையன் ஜோன்ஸ் "ஈ" சுரத்தைக் கேட்டபோது, அது காதில் சரியாக விழாததால் "எட்வர்டில் வரும் ஈ" என்று விளக்கியதிலிருந்து இப்பெயர் ஒட்டிக்கொண்டது என்று சொல்லப்படுகிறது. 1969 இல் குவிக்சில்வர் மெசெஞ்சர் சர்வீஸ் குழுவுக்காக அவர் ஆக்கிய ஒன்பது நிமிடத்திற்கும் மேற்பட்ட உருப்படியிலும் இதே எட்வர்ட்தான் தலைப்பில் வருகிறான்.

"டாலி", "லாயர்ஸ் லமெண்ட்" ஆகியவை மென்மையான மெதுநடைப் பாடல்கள். செவ்வியல் பயிற்சி பெற்ற விரல்கள் இவற்றில் தெளிவாகத் தெரிகின்றன. "பிக்ஸ் பூகி" இதற்கு நேரெதிரானது. இடக்கை விடாமல் உருண்டோட, வலக்கை விளையாடும் பழைய பூகி-வூகி நடை. ஹாப்கின்சின் குரல் மெல்லியது, வீச்சு குறைந்தது. வேகமான பாடல்களில் அது வாத்தியங்களுக்குள் அமிழ்ந்து போகிறது என்பது இத்தொகுப்பின் உண்மையான குறை. மெதுநடைப் பாடல்களிலோ அதே மெல்லிய குரல் பொருந்தி நிற்கிறது.

பிற்காலம்

1975 இல் "நோ மோர் சேஞ்சஸ்" என்ற மற்றொரு தொகுப்பை வெளியிட்ட ஹாப்கின்ஸ், தொடர்ந்து பிறருக்கே மிகுதியாக வாசித்தார். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு இசையமைத்தார். குடல் அறுவை மருத்துவத்தைத் தொடர்ந்த சிக்கல்களால் 1994 செப்டம்பர் 6 அன்று அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் தமது 50 ஆம் அகவையில் காலமானார். 2011 இல் ஜூலியன் டாசன் எழுதிய அவரது வாழ்க்கை வரலாறு ஆங்கிலத்தில் வெளிவந்தது. 2025 இல் ராக் அண்டு ரோல் புகழ் மண்டபம் இசைச் சிறப்புக்கான பிரிவில் அவரைச் சேர்த்துக்கொண்டது.