உஷார்! பனைமரத்தை எண்ணி எழுதிய பத்திரத்தில் பெற்றவளுக்கு ஒரு வரி இல்லை

கோயில் கொடைக்கோ கிறிஸ்துமஸுக்கோ பிள்ளைகள் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்து கூடும் நாளில்தான் சாத்தான்குளம் பக்கத்து வீடுகளில் அந்தப் பேச்சு எழும். "எல்லாரும் இருக்கும்போதே எழுதி முடிச்சிருவோம்ப்பா. பிறகு யாரு கடையைப் பூட்டிட்டு வர்றது?" மறுநாள் பத்திர எழுத்தர் வீடு, அதற்கடுத்து சார்பதிவாளர் அலுவலகம், போட்டோ, விரல்ரேகை. பிள்ளைகள் ரயில் ஏறும்போது வீடும் விளையும் பெரியவர் பெயரில் இருப்பதில்லை.

பெரியவர்களே, அந்த விரல்ரேகைக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். பிள்ளைக்கு நீங்கள் எழுதித் தரும் அந்தத் தான செட்டில்மென்ட் பத்திரம் உயில் அல்ல. உயிலை நீங்கள் கண்ணை மூடும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் போடலாம். செட்டில்மென்டைப் பதிவு செய்து பிள்ளையும் ஏற்றுக்கொண்டுவிட்டால் சொத்து அன்றைக்கே கைமாறிவிடுகிறது. மனசு மாறி நீங்கள் மட்டும் தனியாகப் போய் அதை ரத்து செய்துவிட முடியாது.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி தன் பத்திரத்தை மஞ்சள் பையில் சுருட்டி எடுத்துவந்து, "இதுல எனக்கு என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுய்யா" என்றார். வாசித்தேன். சர்வே எண் இருந்தது. நான்கு எல்லை இருந்தது. கிணறு, மோட்டார், மின் இணைப்பு எண், விளையில் நிற்கும் பனைகளின் எண்ணிக்கை வரை இருந்தது. மகன்மேல் உள்ள அன்பினாலும் பிரியத்தினாலும் எழுதிக் கொடுப்பதாக இருந்தது. சுவாதீனம் இன்றே ஒப்படைத்தாயிற்று, இனி எந்தப் பாத்தியதையும் இல்லை, எக்காலத்திலும் ரத்து செய்யமாட்டேன் என்றும் இருந்தது. ஆச்சிக்குச் சோறு யார் போடுவது, எந்த அறையில் அவர் படுப்பது, மருந்துச் செலவு யாருடையது என்று ஒரு வரிகூட இல்லை. பனையை எண்ணியவர்கள் ஆச்சியை எண்ணவில்லை.

இது ஏதோ குடும்பத் தகராறு, நமக்கென்ன என்று ஒதுங்கிவிடாதீர்கள். ஒருவர் நன்றாக வாழ்கிறாரா என்பதை உலக சுகாதார நிறுவனம் முப்பது வருஷத்துக்கும் மேலாக அளந்துகொண்டிருக்கிறது. 1990களில் அந்த வாழ்க்கைத்தரக் கேள்வித்தாளை உருவாக்கிய 15 மையங்களில் நம் மெட்ராஸும் ஒன்று. தமிழில் பேசும் நோயாளிகளிடமும் கேட்டுத்தான் அது உருவானது. அதன் சுருக்க வடிவத்தில் 26 கேள்விகள். உடம்பு, மனசு, உறவு, சூழல் என்று நான்கு பகுதி. கையில் தேவைக்குப் பணம் இருக்கிறதா, குடியிருக்கும் இடம் திருப்தியா என்பவையும் தூக்கம், வலி பற்றிய கேள்விகளோடு சேர்ந்தே வருகின்றன. 2005இல் முதியவர்களுக்கென்றே தனியாக ஒரு கேள்வித்தாள் வந்தது. அதன் ஆறு பகுதிகளில் ஒன்று முழுக்கத் தன்னுரிமை பற்றியது: உன் முடிவை நீயே எடுக்கிறாயா, சுற்றியிருப்பவர்கள் அதை மதிக்கிறார்களா, வரும் காலம் உன் கையில் இருப்பதாக நினைக்கிறாயா?

நிபந்தனை இல்லாத செட்டில்மென்ட் இந்தக் கேள்விகள் அத்தனையிலும் ஒரே நாளில் கை வைக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். ஆனால் இடுப்பு எலும்பு முறிந்தால்? பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் காரில் போக, கூட ஆள் தங்க, பணம் யாரிடம் கேட்பது? முதியோர் உதவித்தொகை 2023இல்தான் மாதம் 1,200 ரூபாயானது. சொந்த வீட்டில் இருந்தபோது "இந்தாய்யா" என்று பேரனுக்குப் பணம் கொடுத்தவர், ஒரு சளி மருந்துக்கு மகனுக்குப் போன் போட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருக்கிறார். வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்கு அழைத்துப் போனாலோ, மூன்றாவது மாடி. கோயிலும் இல்லை, சர்ச்சும் இல்லை, சாயங்காலம் திண்ணையில் வந்து உட்கார யாரும் இல்லை. ரத்தப் பரிசோதனையில் இது எதுவும் தெரியாது. டாக்டர் "நல்லாத்தான் இருக்காங்க" என்றே சொல்வார்.

இங்கே இன்னொரு நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது. 2021 கணக்கீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். இந்திய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம். 2031இல் இது 18.2 சதவீதமாகும் என்கிறார்கள். பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளைகளோ வீட்டுக்கு ஒன்று, இரண்டு, அவர்களும் வெளியூரில். இதற்கிடையே குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். தேரிக்காட்டு ஓர நிலத்தைக்கூட இப்போது விலை பேச ஆள் வரும். "உங்க பேரில் கிடந்தா என்னப்பா, என் பேரில் கிடந்தா என்ன?" என்ற கேள்வி இனி அடிக்கடி வரும்.

இந்தப் பத்திரம் ஏன் இவ்வளவு சுலபமாக நடக்கிறது என்றால், செலவு குறைவு. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. அந்தச் சலுகையைக் குறை சொல்லவில்லை. மலிவாக முடிகிற வேலையில் யாரும் நிதானமாக யோசிப்பதில்லை என்பதுதான் என் பயம்.

பிள்ளைகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. நல்ல மகனே கடைக்காக அந்த வீட்டை பேங்கில் வைப்பான், வியாபாரம் படுத்தால் பேங்க் வரும். நல்ல மகன் உங்களுக்கு முன்னால் போய்விடலாம். நாகப்பட்டினத்தில் 87 வயதுத் தாய் ஒருவருக்கு அதுதான் நடந்தது. மகனுக்கு எழுதிக் கொடுத்தார், மகன் இறந்துபோனார், மருமகள் கவனிக்கவில்லை. கோட்டாட்சியர் பத்திரத்தை ரத்து செய்தார். 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அன்பினால் எழுதிக் கொடுத்தது என்பதற்குள்ளேயே பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றது.

"அப்போ கோர்ட் இருக்கே, பிறகென்ன?" என்று நினைத்துவிடாதீர்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைத்தான் மீட்டுத் தருகிறது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அந்த நிபந்தனை இருந்ததாக நிரூபித்தால்தான் ரத்து என்றது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், சட்டத்தைப் பெரியவர்களுக்குச் சாதகமாக, தாராளமாகப் படிக்க வேண்டும் என்று சொத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. அந்தத் தாயின் கையிலும் மகன் எழுதிக் கொடுத்ததாக ஒரு உறுதிமொழித் தாள் இருந்தது என்பதைக் கவனியுங்கள். எந்த அமர்வு எப்படிப் படிக்குமோ என்று காத்துக்கிடக்கிற வயதா உங்கள் வயது?

ஆகவே அந்த வரியைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் கொடுத்துப் பராமரிக்க வேண்டும், தவறினால் பத்திரத்தை ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டு என்று இருக்கட்டும். ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமையையும் எழுதுங்கள். அதில் மனைவியின் பெயரும் கட்டாயம் வேண்டும். தாத்தா தன் ஆயுளுக்கு மட்டும் எழுதிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டால், ஐம்பது வருஷம் அந்த அடுப்படியில் வெந்த ஆச்சிக்கு அங்கே என்ன பிடிமானம்? நிபந்தனை எழுத்தில் இருந்தால் நாளைக்கு வாங்க வருகிறவரும் தாய்ப்பத்திரத்தில் அதைப் படித்துவிட்டுத்தான் வாங்குவார். எனக்குத் தெரியாது என்று பிறகு கைவிரிக்க முடியாது. பிள்ளை முகம் சுளித்தால், உயில் எழுதி இரண்டு சாட்சி போட்டுப் பத்திரமாக வையுங்கள். பவர் பத்திரம் கேட்டால் இன்னும் உஷார்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டுத் தவிக்கிறவர்களும் நம் தெருவில் இருக்கிறார்கள். சாத்தான்குளம் வட்டத்துக்காரர்கள் திருச்செந்தூர் கோட்டாட்சியரிடம் ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும், வக்கீல் வேண்டாம். நடக்க முடியாதவருக்காக வேறொருவரும் கொடுக்கலாம். மாதப் பராமரிப்புத் தொகை கேட்கலாம், இச்சட்டம் வந்த பிறகு எழுதிக் கொடுத்த சொத்தை ரத்து செய்யவும் கேட்கலாம். பராமரிப்பு மனுவை 90 நாளில், மிஞ்சினால் இன்னும் 30 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பெற்றோரை அடியோடு கைவிட்டால் மூன்று மாதம்வரை சிறை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567. காசு கிடையாது.

அடுத்த கொடைக்கு வீடு நிறையும்போது பேச்சு வரும். பத்திரத்தை, அதில் சொத்து வாங்காத ஒருவரை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கான வரி காதில் விழவில்லை என்றால் விரலை நீட்டாதீர்கள்.