ஒரு ஸைக்கிளும் இரண்டு பாடும்

எங்கள் பள்ளிக்கூடத்து ஸைக்கிள் கொட்டகையை நேயர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை வந்து பார்க்க வேண்டும். முதல் முறை, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவச ஸைக்கிள் வழங்கிய மறுநாள். இரண்டாம் முறை, அதற்கு மூன்று மாதம் கழித்து.

முதல் நாளில் வண்டிகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோல் வரிசையாக நிற்கும். தன்னுடையது எது என்று தெரியாமல் பையன்கள் பூட்டுப் பூட்டாகச் சாவியை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்று மாதம் சென்ற பிறகோ கதையே வேறு. எந்த வண்டி எந்தக் குப்பத்தைச் சேர்ந்தது, அந்த வீட்டில் என்ன தொழில், பின்னால் உட்கார்ந்து வரத் தம்பியோ தங்கையோ உண்டா என்பதையெல்லாம் கொட்டகைக்கு வெளியே நின்றபடியே சொல்லிவிடலாம். ஒன்றின் கைப்பிடியில் பழைய வலைக்கயிறு நெருக்கமாகச் சுற்றியிருக்கும். ஈரக் கை அதில் வழுக்காது. இன்னொன்றின் கேரியரில் கோணித் துண்டைச் சுற்றிய சிறு பலகை. அது தம்பியின் சிம்மாசனம். மற்றொன்றின் முன்புறத்தில் சாயம் ஏற்றிய பனையோலைக் கூடை தொங்கும். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்மணிகள் பரம்பரையாக முடைந்து வரும் வேலைப்பாடு அது. அதற்குள்ளே பாடப் புத்தகமும் சோற்றுப் பாத்திரமும்.

கடைக்காரர் கொடுப்பது வண்டி. அதை ‘என் வண்டி’ ஆக்குவது நாமும் நம் ஊரும்தான். இந்தச் சின்ன உண்மையை நான் அறிந்துகொள்வதற்கு ஒரு புதிய ஸைக்கிளைப் பறிகொடுத்தேன். ஒரு மாணவியின் படிப்பையும் பறிகொடுக்க இருந்தேன்.

உப்புக் காற்று

பழவேற்காடு, சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், பெரியதோர் உப்பங்கழி ஏரியின் தென்பகுதியில் இருக்கிறது. இந்தியாவின் உப்பங்கழிகளில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி பெரியது இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. தென்கோடி மட்டும் தமிழ்நாட்டினுடையது. ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட தீவு இதற்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கிறது. 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். கோட்டை மண்ணோடு மண்ணாகிவிட்டது. அவர்களுடைய கல்லறைகள் மட்டும் நிற்கின்றன. கருங்கல்லைத் தவிர வேறு எதையும் நெடுநாள் விட்டு வைக்கும் வழக்கம் எங்கள் ஊர்க் காற்றுக்கு இல்லை.

உப்புப் படிந்த இரும்பு, காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். ஆகையால் மழை பெய்யாத நாளிலும் அது நனைந்தே இருக்கிறது. பளபளவென்று மின்னும் பூச்சில் ஊசிமுனை அளவு துவாரம் இருந்தால் போதும். துரு அதன் வழியே உள்ளே புகுந்து, மேலே ஒன்றும் தெரியாமலே அடியில் பரவிவிடும்.

இந்த ஞானமெல்லாம் இல்லாமல், சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் நான் ஒரு ஸைக்கிள் வாங்கினேன். பட்டணத்து இளைஞர்கள் அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்லும் நாகரிக ரகம். பல கியர்கள் உண்டு. மட்கார்ட் இல்லை, கேரியர் இல்லை, செயின் மூடி இல்லை. என் வீட்டிலிருந்து பள்ளிக்கு 7 கிலோமீட்டர். ஐப்பசி மழையில் முதல் நாள் போய் இறங்கியபோது, என் வெள்ளைச் சட்டையின் முதுகில் இடுப்பிலிருந்து கழுத்து வரை நேராக ஒரு சேற்றுக் கோடு! அன்று நான் கரும்பலகையின் பக்கம் திரும்பிய போதெல்லாம் வகுப்பு மிகுந்த உற்சாகத்துடன் பாடம் கேட்டது. தை பிறப்பதற்குள் கியர்க் கம்பிகள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து அசைய மறுத்தன. சங்கிலி, நான் மிதித்தால் அழுதது.

ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெரியவர் அதை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். “ஸார், இது நிழல்ல வளந்த புள்ள. நம்ம காத்துக்குத் தாங்காது” என்றார். அதை எடுத்துக்கொண்டு, பழைய கறுப்பு வண்டி ஒன்றைக் கொடுத்தார்.

கறுப்பு வண்டியின் மகிமை

இன்று நாம் காணும் ஸைக்கிளின் உருவம் 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் அமைத்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1888-இல், டன்லப் காற்றடைத்த ரப்பர் டயருக்கு உரிமை பெற்றார். அதன் பிறகு வெகு காலம் நம் நாட்டு வீதிகளில் ஓடியவை கப்பலில் வந்து இறங்கிய வண்டிகளே. 1939-இல் பம்பாயில் ‘ஹிந்த் ஸைக்கிள்ஸ்’ தொழிற்சாலை ஏற்பட்டது. 1949-இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் ‘டி.ஐ. ஸைக்கிள்ஸ்’ நிறுவப்பட்டது. அங்கிருந்து வந்த கறுப்பு வண்டிகளில் தமிழ்நாட்டின் பாலும், கீரையும், துணி மூட்டையும், மீனும் ஊர் ஊராகப் போயின. அவற்றின் கட்டுமானம் கனமானதுதான். ஆனால் கனத்தைச் சுமப்பதற்கென்றே அமைந்த கனம் அது.

பெரியவர் எனக்காகச் செய்த மாற்றங்கள் மூன்று. சக்கர மட்கார்டுகளின் நுனியில், ஒரு சாண் நீளத்துக்குப் பழைய டயரை வெட்டித் தொங்கவிட்டார். அன்றோடு முதுகுக் கோடு மறைந்தது. செயினை முழுவதும் மூடும் பெட்டியைப் பொருத்தினார். மூன்றாவது, பின் சக்கரத்துப் பல்சக்கரத்தை மாற்றினார். பெடல் பக்கத்துச் சக்கரத்துக்கு 48 பல். பின்னால் இருந்தது 18 பல். 28 அங்குலச் சக்கரத்துக்கு இந்தக் கணக்குப்படி ஒரு மிதிக்கு வண்டி ஏறக்குறைய 6 மீட்டர் போகும். பின்னால் 22 பல் வைத்ததும் அது 5 மீட்டருக்குச் சற்றுக் குறைந்தது. வேகம் குறைந்தாலும், கார்த்திகை மாதத்து வாடைக்காற்று நேரே முகத்தில் அடிக்கும்போது முழங்கால் நமக்கு நன்றி சொல்கிறது. பல கியர்கள் செய்யவேண்டிய வேலையை ஊர்க்காற்றை அறிந்த ஒருவர் ஒரே பல்சக்கரத்தில் முடித்துவிட்டார்.

ஜன்னலைத் திறக்கச் சொன்ன நாள்

இனி அந்த மாணவியின் விஷயம். அவள் பதினோராம் வகுப்பு. தகப்பனார் ஏரியில் வலை கட்டும் மீனவர்.

பழவேற்காட்டு மீனவர்களிடையே ‘பாடு’ என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஏரியில் இறால் கிடைக்கும் நல்ல இடங்கள் எல்லாருக்கும் பொது. ஆனால் எல்லாரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். ஆகையால் யார், எந்த நாளில், எந்த இடத்தில் தொழில் செய்வது என்று முறை வகுத்துக்கொண்டு, முறை வந்தவர் மட்டும் இறங்குகிறார்கள். தமிழில் பாடு என்றால் உழைப்பு, துன்பம் என்றும் பொருள். இங்கே அது முறையையும் குறிக்கிறது.

தம் பாடு வராத நாட்களில் அந்தத் தகப்பனார் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, ஸைக்கிளில் உள்நாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டுபோய் விற்பார். பலர் இப்போது மோட்டார் வண்டிக்கு மாறிவிட்டார்கள். அவருக்கு அந்த வசதி இல்லை. ஒருநாள் அவருடைய பழைய வண்டியின் சட்டம் துருவினால் அடியில் முறிந்துவிட்டது. வீட்டில் மிஞ்சியது மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த ஸைக்கிள் ஒன்றே. விடியற்காலையில் அது மீன் வண்டியாயிற்று. எட்டரை மணிக்குப் பள்ளிக்கூட வண்டியாயிற்று. பெட்டியிலிருந்து உருகி வழிந்த உப்புத் தண்ணீர் கேரியர், சீட், சங்கிலி எல்லாவற்றிலும் ஊறியது. அவளுடைய பாவாடையிலும் ஊறியது.

எனக்கு இவையொன்றும் தெரியாது. ஒருநாள் வகுப்பில் நுழைந்ததும், “என்ன இது, மீன் சந்தை வாடை? ஜன்னலைத் திற!” என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஜன்னலைத் திறக்க எழுந்தவள் அவள்தான்.

அதன் பிறகு நான்கு நாள் அவள் வரவில்லை. ஐந்தாம் நாள் தகப்பனாரே வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, “பொண்ணு படிப்ப நிறுத்திக்கிறேங்குது ஸார். காரணம் கேட்டா சொல்ல மாட்டேங்குது” என்றார். காரணம் எனக்குத் தெரிந்திருந்தது.

கழற்றி மாட்டும் பெட்டி

அன்று மாலை அந்த ஸைக்கிளுடன் நாங்கள் மூவரும் ரிப்பேர் கடைக்குப் போனோம். ‘இரண்டு வண்டி வாங்க வழியில்லை. ஒன்றே இரண்டாக வேண்டும்’ என்பதுதான் கேள்வி.

பெண்கள் ஸைக்கிளில் மேலே குறுக்குக் கம்பி கிடையாது. கேரியரின்மேல் உயரமான பெட்டியை வைத்துப் பாரம் ஏற்றினால் சட்டம் முறுக்கிக்கொண்டு வண்டி பாம்புபோல் நெளியும். விடியற்காலையில் தரைக்காற்று வேறு எதிரே வீசும். ஆகவே பெரியவர், பாரத்தைக் கீழே இறக்கினார். இரும்புக் கம்பியை வளைத்து, கேரியரில் கொக்கிபோல் மாட்டும்படி இரண்டு பக்கத் தாங்கிகள் செய்தார். ஒவ்வொன்றிலும் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி; உள்ளே ஐஸ் சீக்கிரம் கரையாதபடி தெர்மோகோல் பலகை. பாரம் அச்சின் இரு பக்கமும் தாழ்வாக அமைந்ததால் வண்டி நேராகப் போயிற்று. ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் துளையிட்டு, ரப்பர் குழாய் செருகி, அதன் வாயைச் சக்கரத்துக்குப் பின்னே வெளிப்புறமாகத் திருப்பினார். உப்புத் தண்ணீர் இனிச் சங்கிலியைத் தொடாது. ஆடாமல் இருக்கப் பழைய டியூபிலிருந்து வெட்டிய பட்டைகள். அவற்றைத் தளர்த்திக் கொக்கியைத் தூக்கினால், இரு பெட்டிகளும் ஐந்து நிமிஷத்தில் கழன்றுவிடும்.

மிச்சம் இருந்தது வாடை. அதற்கு மருந்து சொன்னவள் அந்த வீட்டுப் பாட்டி. பெட்டியைப் புளித்தண்ணீரால் கழுவ வேண்டும் என்றாள். மீன் வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உடையது. புளிப்பு அதை அடக்கிவிடும். நான் வகுப்பில் நடத்தும் ரசாயனத்தைப் பாட்டி குழம்புச் சட்டியில் நடத்திக்கொண்டிருந்தாள்! ஆனால் புளிப்பு இரும்புக்கு ஆகாது. ஆகையால் பெட்டிக்குப் புளித்தண்ணீர், வண்டிக்கு நல்ல தண்ணீர் என்று ஏற்பாடு. பிறகு ஈரம் போகத் துடைத்து, வாரம் ஒரு முறை சங்கிலிக்கு எண்ணெய்.

ஐந்தாவது யோசனை மாணவியினுடையது. தகப்பனார் கழித்துப் போட்ட வலையில் ஒரு துண்டை வெட்டி, மட்கார்டிலிருந்து அச்சு வரை பின் சக்கரத்தின் இரு பக்கமும் விசிறிபோல் இழுத்துக் கட்டினாள். பாவாடையும் தாவணியும் கம்பிகளில் சிக்காது. அவள் அறியாத ஒரு விஷயம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. 1890-களில் மேல்நாட்டுப் பெண்கள் ஸைக்கிள் ஏறத் தொடங்கியபோது, பாவாடை சிக்காமல் இருக்க இதேபோல் நூல்வலை கட்டினார்கள். ஹாலந்து தேசத்து ஸைக்கிள்களில் பின் சக்கரக் காப்பை இன்றும் காணலாம். பழவேற்காட்டில் கோட்டை கட்டியவர்களின் சந்ததியும், பழவேற்காட்டு மீனவர் மகளும், ஒரே தேவைக்கு ஒரே விடையைக் கண்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ஸைக்கிள் பெண்களுக்கு எவ்வளவு பெரிய துணை என்பதைப் புதுக்கோட்டை மாவட்டம் 1991-க்குப் பின் நாட்டுக்கே காட்டியது. அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு ஸைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். மாவட்ட ஆட்சியாளராக இருந்த ஷீலாராணி சுங்கத் அதற்கு ஊக்கம் அளித்தார். ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் வண்டி ஏறினார்கள். பிறகு 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய இலவச ஸைக்கிள் திட்டம், 2005-இல் ஏனைய மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அரசாங்கம் வண்டியைக் கொடுக்க முடியும். அது ஒரு வீட்டின் வாழ்க்கைக்குப் பொருந்தும்படி செய்வது அந்த வீட்டாராலும், தெருக்கோடி ரிப்பேர் கடையாலும்தான் முடியும்.

நேயர்களில் பட்டணத்தில் ஸைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மணியும் விளக்கும் வாங்கிப் பூட்டுவதற்கு முன், ஒரு வாரம் வெறும் வண்டியை ஓட்டிப் பாருங்கள். எங்கே நனைகிறோம், எதைச் சுமக்கிறோம், எந்த மேட்டில் மூச்சு வாங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பேட்டை ரிப்பேர்காரரிடம் போங்கள். அலங்காரம் தானாக வரும்.

அந்த மாணவி மறுவாரம் பள்ளிக்கு வந்தாள். வகுப்பார் முன்னிலையில், ஜன்னலைத் திறக்கச் சொன்னது என் தவறு என்று சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், ஒன்றும் பேசவில்லை. மாலையில் கொட்டகையில் அவளுடைய ஸைக்கிளைப் பார்த்தேன். பின் மட்கார்டில் வெள்ளை வர்ணத்தால் இரண்டு பெயர்கள் எழுதியிருந்தன: இடப்பக்கம் தகப்பனார் பெயர், வலப்பக்கம் அவள் பெயர்.

“எதற்கம்மா இரண்டு பெயர்?” என்று கேட்டேன்.

“விடியற்காலம் நைனா பாடு ஸார். பகல்ல என் பாடு” என்று சொல்லிவிட்டு, மணியை ஒரு தட்டுத் தட்டி ஏறிப் போனாள்.